ஸ்காட்லாந்தின் கிணுகிணு கிடார்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஸ்காட்லாந்து இண்டி பாப் (பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத பாப்) குழுக்களின் புதிய ஆல்பங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த முறை முழு இடமும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கே: எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் 'ஜாங்கிள்' என்று ஒரு சொல். அது இசை வகையின் பெயரா, கிடார் போடும் சத்தத்தின் பெயரா?

ப: முதலில் சத்தத்துக்கு வைத்த பெயர்; பிறகு வகைக்கும் ஒட்டிக்கொண்டது. சாவிக்கொத்தைக் குலுக்கினால் கிணுகிணுவென்று ஒரு சத்தம் எழுமே, அதுதான் ஜாங்கிள். கிடாரில் அது வரவேண்டுமானால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) ஒரே வீச்சில் அடிக்காமல் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்ட வேண்டும், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரக்க வைக்கும் சிதைவு) அறவே இல்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ இருக்க வேண்டும், மேல் தந்திகள் விரலுக்கு அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதன் மூலக்கருவி 12 தந்தி எலெக்ட்ரிக் கிடார். 1965இல் அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழு ரிக்கன்பேக்கர் கம்பெனியின் 12 தந்தியில் வாசித்ததிலிருந்துதான் உலகம் இந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டது. 12 தந்தி என்பது ஆறு ஜோடி. தடித்த நான்கு தந்திகளுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே சுதி சேர்த்த மெல்லிய தந்தி ஒன்று. மேல் இரண்டுக்கும் அதே சுதியில் இன்னொன்று. ஜோடித் தந்திகள் இம்மி பிசகாமல் ஒரே சுதியில் நிற்பதே கிடையாது. அந்த இம்மிப் பிசகுதான் நம் காதில் மினுமினுப்பாக விழுகிறது. மற்ற 12 தந்திக் கிடார்களில் கீழ்நோக்கி மீட்டும்போது மெல்லியது முதலில் படும். ரிக்கன்பேக்கரில் வரிசை தலைகீழ், தடித்தது முதலில் படும்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை அப்படியே நகலெடுக்கவில்லை. அங்கே இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, 1980இல் கிளாஸ்கோவில் போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் லேபிளில் ஆரஞ்ச் ஜூஸ் குழு தொடங்கிய பதற்றமான, சுரண்டும் கிடார். ராக் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டையும் டிஸ்கோக் குழுவான ஷீக்கையும் ஒரே பாட்டுக்குள் போட்டு ஆட்டினார்கள். இன்னொன்று, டீனேஜ் ஃபேன்கிளப் குழு கொண்டுவந்த, பேர்ட்ஸ் வழியும் இன்னொரு அமெரிக்கக் குழுவான பிக் ஸ்டார் வழியும் வந்த கூட்டுக்குரல் கிளை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'இனிமையான கிடார் பாப்' என்று ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று நகத்தைக் கடிக்கும் இசை, மற்றொன்று சாய்வுநாற்காலி இசை.

கே: சமீப ஆண்டுகளில் வந்தவற்றில் மூன்றே மூன்று ஆல்பம் சொல்லுங்கள். எந்த வரிசையில் கேட்பது?

ப: முதலில் கேமரா அப்ஸ்கியுரா: 'லுக் டு தி ஈஸ்ட், லுக் டு தி வெஸ்ட்'. 2024 மே 3இல் மெர்ஜ் லேபிள் வெளியிட்டது. 11 பாடல்கள். 2013இன் 'டிசையர் லைன்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு 11 ஆண்டு இடைவெளி. கீபோர்ட் வாசித்த கேரி லாண்டர் 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தபோது குழுவே நின்றுபோனது. அதுதான் இடைவெளிக்குக் காரணம். தயாரிப்பாளர் ஸ்வீடன்காரர் யாரி ஹாபாலைனன். இவர்களுடைய 2006, 2009 ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவரே. ஆனால் அந்த இரண்டிலும் எதிரொலியும் வயலின் கூட்டமும் கரைபுரண்டன. இதில் வேண்டுமென்றே வற்றவைத்திருக்கிறார்கள். 'பிக் லவ்' பாட்டில் அமெரிக்க கண்ட்ரி வாடை தூக்கலாக இருக்கிறது. ட்ரேசியான் கேம்பெல் குரலை உயர்த்தாமல், ஏதோ பட்டியல் வாசிப்பவர் போலப் பாடுவார். சொல்லுகிற செய்தியோ நெஞ்சைப் பிசையும். குரலும் செய்தியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டால் மற்ற ஆல்பங்களும் தானாக விளங்கும். அதனால்தான் இது முதலில்.

இரண்டாவது, டீனேஜ் ஃபேன்கிளப்பின் 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்', 2023 செப்டம்பர் 22. பத்தே பாடல். நார்மன் பிளேக் ஒன்று, ரேமண்ட் மெக்கின்லி ஒன்று என்று மாறி மாறி எழுதியவை. பாடல் பெயர்களைப் பாருங்கள்: 'ஐ லெஃப்ட் எ லைட் ஆன்', 'சீ தி லைட்', 'பேக் டு தி லைட்', 'ஃபாலிங் இன்டு தி சன்'. பத்தில் நான்கு தலைப்பில் வெளிச்சம். 'எதுவும் நிலைக்காது' என்ற ஆல்பம் பெயரோடு சேர்த்துப் படித்தால் இது நம்பிக்கைப் பாட்டா, அந்திப் பாட்டா என்பது கேட்பவர் மனநிலையைப் பொறுத்தது. கடைசிப் பாடல் 'ஐ வில் லவ் யூ' ஏறக்குறைய ஏழு நிமிடம். அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, தி கார்ட்ஸ் குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம், 2025. குழு என்றால் இரண்டு பேர்தான்: ஒரு கிடார், ஒரு டிரம்ஸ், இரண்டையும் வாசிப்பவர்கள் அக்கா தங்கை. இங்கிலாந்தில் ஸ்கெப் வாக்ஸ், அமெரிக்காவில் ஸ்லம்பர்லேண்ட் லேபிள் வழியாக வந்தது. பாடல்கள் குட்டை, வேகம் அதிகம், கிடாரில் கொஞ்சம் இரைச்சல் கலந்த கிணுகிணு. முதல் இரண்டும் நிதானமான பெரியவர்களின் ஆல்பம் என்பதால் இதைக் கடைசியில் வைத்தோம். அவர்களை முதலில் கேட்டுவிட்டு வந்தால்தான், இந்தச் சகோதரிகள் 1986 கால இண்டிக் குழுக்களின் வேகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது உறைக்கும்.

கே: ஜெரார்ட் லவ் இல்லாத டீனேஜ் ஃபேன்கிளப்பை அதே குழு என்று ஏற்கலாமா?

ப: ஏற்கலாம், ஆனால் கணக்கு மாறிவிட்டது. 2016இன் 'ஹியர்' வரை மூன்று பேர் எழுதி மூன்று பேர் பாடிய குழு அது. 'ஹியர்' ஆல்பத்தில் 12 பாடல், ஆளுக்கு 4. சுற்றுப்பயணத் திட்டங்களில் ஒத்துப்போகாமல் லவ் 2018இல் விலகினார். 'ஸ்பார்க்கிஸ் ட்ரீம்', 'எய்ன்ட் தட் இனஃப்' போன்ற, முதல் கேட்பிலேயே ஒட்டிக்கொள்ளும் பாடல்கள் அவர் எழுதியவை. மூன்றில் ஒரு பங்கு மட்டும் போகவில்லை. மற்ற இருவரின் நிதானத்துக்கு நடுவே துள்ளிய பங்கு போனது. 2021இன் 'எண்ட்லஸ் ஆர்கேட்' அந்த ஓட்டையோடு வந்தது. முதல் பாடல் 'ஹோம்' ஏழு நிமிடத்துக்கு நீண்டு, பாதிக்குமேல் கிடார் அலைந்து திரிகிறது. அது அலுப்பா, துணிச்சலா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எங்கள் கட்சி: துணிச்சல். 2023 ஆல்பத்தில் ஓட்டையை அடைக்க முயலாமல் இருவர் குழுவாகவே நிற்கப் பழகிவிட்டார்கள். கீபோர்டுக்கு வேல்ஸ்காரர் யூரோஸ் சைல்ட்ஸ் வந்ததும் உதவியது.

லவ்வின் துள்ளல் இல்லாமல் தவிப்பவர்கள் லைட்ஷிப்ஸ் என்ற பெயரில் அவர் 2012இல் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கேபிள்ஸ்' ஆல்பத்தைத் தேடிப்பிடியுங்கள். அதில் கிடார் கிணுகிணுக்கவில்லை, சொட்டுகிறது.

கே: பெல் அண்ட் செபாஸ்டியன் எட்டு மாத இடைவெளியில் இரண்டு ஆல்பம் போட்டார்களே. ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது.

ப: 'எ பிட் ஆஃப் ப்ரீவியஸ்' (2022 மே 6), 'லேட் டெவலப்பர்ஸ்' (2023 ஜனவரி 13) இரண்டும் ஒரே காலத்துப் பதிவுகளிலிருந்து வந்தவை. 2020இல் லாஸ் ஏஞ்சலிஸ் போய்ப் பதிவு செய்வதாக இருந்தது. பெருந்தொற்றில் அது ரத்தானதும் கிளாஸ்கோவில் தங்கள் ஒத்திகைக் கூடத்தையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார்கள். நேரக் கணக்கு யாரையும் துரத்தாததால் பாடல்கள் குவிந்துவிட்டன.

நேரம் குறைவென்றால் முதலாவதை எடுங்கள். கட்டுமானம் அதில்தான் இறுக்கம். ஆனால் ஜாங்கிள் தேடித்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவதில் 'வென் தி சினிக்ஸ் ஸ்டேர் பேக் ஃப்ரம் தி வால்' என்ற ஒரு பாடலையாவது கேட்டுவிடுங்கள். குழு பிறப்பதற்கு முன்பே, 1990களின் நடுவில் எழுதி வைத்திருந்த பாட்டு. கூடப் பாடுவது கேமரா அப்ஸ்கியுராவின் ட்ரேசியான் கேம்பெல். அதே ஆல்பத்தின் 'ஐ டோன்ட் நோ வாட் யூ சீ இன் மி' பாட்டைக் கேட்டுப் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சின்தசைசர் பாப், கிடாரைத் தேடினாலும் கிடைக்காது. ஆல்பத்தை மூட அது ஒரு காரணமல்ல, தாண்டிப் போங்கள்.

கே: கிளாஸ்கோவின் பாஸ்டல்ஸ் குழுவின் அடுத்த ஆல்பம் எப்போது?

ப: 'இலுமினேஷன்' 1997. 'ஸ்லோ சம்மிட்ஸ்' 2013. நடுவே ஒரு திரைப்பட இசை, ஜப்பானின் டென்னிஸ்கோட்ஸுடன் ஒரு கூட்டு ஆல்பம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கே: எல்.பி. இசைத்தட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு மட்டும் 'ஸ்ஸ்' என்று கிழிகிறது. ஜாங்கிள் ஆல்பங்களில்தான் இது அதிகம். தட்டு கெட்டதா, ஊசி கெட்டதா?

ப: பெரும்பாலும் இரண்டும் இல்லை, வடிவியல். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. வெளியே ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உட்புறக் கடைசியில் சுமார் 21 செ.மீ.தான். அதே உச்ச ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் செதுக்கவேண்டிய கட்டாயம். நெளிவுகள் நெருங்கிவிடுவதால் ஊசியின் முனை அவற்றுக்குள் முழுதாக இறங்க முடியாமல் முரட்டுத்தனமாக உரசிக்கொண்டு போகிறது. பேஸும் டிரம்ஸும் மட்டும் உள்ள பாட்டில் இது தெரியாது. 12 தந்தி, டாம்பரின், மூச்சோடு பாடும் குரல் மூன்றும் உச்ச ஒலியிலேயே குடியிருப்பவை. அடி முழுவதும் அவற்றுக்கே.

என்ன செய்வது? முதலில் ஊசியின் மேல் தூசி உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) நேராக நிற்கிறதா என்பதை, அச்சிட்ட அளவுத்தாளை பிளாட்டரில் (தட்டைச் சுழற்றும் மேடையில்) வைத்து அதன் இரண்டு புள்ளிகளிலும் சரிபாருங்கள். ஒரு டிகிரி கோணல்கூட உள்வட்டத்தில் கேட்கும். பிறகு, ஊசி தட்டை அழுத்தும் எடை. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். அதில் மேல்பாதியில் வையுங்கள். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நினைத்துப் பலரும் குறைத்து வைக்கிறார்கள். உண்மையில் எடை போதாமல் துள்ளும் ஊசிதான் பள்ளத்தின் சுவரை உடைக்கும். இத்தனைக்குப் பிறகும் கிழிந்தால், உருண்டை முனை ஊசியை விட்டு நீள்வட்ட முனைக்கு மாறுங்கள். ஒடுக்கமான நெளிவுகளுக்குள் அது இன்னும் ஆழமாக இறங்கும்.

தட்டு வாங்கும்போதே கவனிக்க வேண்டியது பக்கத்தின் நீளம். 18இலிருந்து 20 நிமிடம் வரை நல்லது. 23ஐத் தாண்டினால் செதுக்குபவர் ஒலியளவைக் குறைத்தாக வேண்டும், கடைசிப் பாட்டும் மையத்தை ஒட்டிப் போய்விடும். அனுபவமுள்ள குழுக்கள் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மெதுவான, அடங்கிய பாட்டை வைப்பது ரசனைக்காக மட்டுமல்ல.

கே: இந்தக் கிடார் சத்தத்தை வீட்டில் கொண்டுவர என்ன வேண்டும்? 12 தந்திக் கிடார் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

ப: வேண்டாம். ஆறு தந்தியும் ஒரு கேப்போவும் (எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போதும், அதிலேயே முக்கால் தூரம் போகலாம்.

கை வைப்பதில் இருக்கிறது முதல் சூட்சுமம். மோதிர விரலை 2ஆம் தந்தியின் 3ஆம் கட்டத்திலும், சுண்டு விரலை 1ஆம் தந்தியின் 3ஆம் கட்டத்திலும் வைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை எடுக்காதீர்கள். (மிக மெல்லியது 1ஆம் தந்தி.) மற்ற விரல்கள் மட்டும் நகரட்டும். ஜி கார்டுக்கு 6ஆம் தந்தி 3ஆம் கட்டம், 5ஆம் தந்தி 2ஆம் கட்டம். சி-க்கு 5ஆம் தந்தியில் 3, 4ஆம் தந்தியில் 2. இ மைனருக்கு 5, 4 இரண்டிலும் 2ஆம் கட்டம். டி-க்கு 3ஆம் தந்தியில் 2ஆம் கட்டம் மட்டும், 4ஆம் தந்தி திறந்தபடி. நான்கு கார்டிலும் மேல் இரண்டு தந்திகள் தத்தம் ஸ்வரம் மாறாமல் நின்று தம்புரா போல ஒலித்துக்கொண்டே இருக்கும். கீழே இசை மாறும். ஜாங்கிள் என்று நம் காது கேட்பதில் பாதி இதுதான். கேப்போவை 2ஆம் கட்டத்திலோ 4ஆம் கட்டத்திலோ போட்டால் கூடுதல் மினுக்கு. போட்டபின் சுதியை மறுபடி பாருங்கள். கேப்போ அழுத்தத்தில் எல்லாத் தந்தியும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

மெல்லிய பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை), 0.6 மி.மீ. அளவு. பாலத்தை (தந்திகள் உடலில் அமரும் இடத்தை) ஒட்டிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), அல்லது அதையும் நடுவிலுள்ளதையும் சேர்த்து. ஆம்பில் கெய்ன் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைவு. டிஸ்டார்ஷன் கூடினால் கார்டின் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு மூல இசையில் இல்லாத புது ஒலிகளைக் கிளப்பும். இரண்டு ஸ்வரம் வரை அது கம்பீரமாக இருக்கும், ஆறு தந்தியும் திறந்திருந்தால் வெறும் சகதி.

அடுத்து காம்ப்ரஸர், அதாவது உரத்த ஒலியை அடக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி. விகிதம் 4:1, ஒலிக்குறைப்பு 6 டெசிபல் சுமார், ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 100 முதல் 200 மில்லிநொடி. அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிநொடி வரை தாமதமாக இருக்கட்டும். பிளெக்ட்ரம் தந்தியில் படும் 'டிக்' முழுதாகத் தப்பித்துப் போன பிறகு காம்ப்ரஸர் பிடிக்க வேண்டும். பிடித்த பின் தேய்ந்து போகும் வாலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அட்டாக்கை 1 மில்லிநொடியில் வைத்துவிட்டு 'சத்தம் மந்தமாக இருக்கிறது' என்று ட்ரெபிளை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ட்ரெபிள் ஏற ஏற காது வலிக்கும், 'டிக்' மட்டும் திரும்பி வராது. கடைசியாக, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடாரை வெட்டிவிடுங்கள். அந்த இடம் பேஸ் கிடாருடையது.

மிச்சமிருக்கும் கால் தூரத்துக்கு ஒரு குறுக்குவழி: நாஷ்வில் சுதி. 12 தந்தி செட்டின் மெல்லிய பாதியை மட்டும் ஆறு தந்திக் கிடாரில் கட்டுவது. 1இலிருந்து 6 வரை அங்குலக் கணக்கில் 0.010, 0.014, 0.009, 0.012, 0.018, 0.027. முதல் இரண்டும் வழக்கமான சுதி. மற்ற நான்கும் ஒரு ஸ்தாயி மேலே. இருக்கிற 3ஆம் தந்தியையே முறுக்கி ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பாதி வழியில் அறுந்து கையில் அடிக்கும். சாதாரணக் கிடாரில் ஒரு முறை, நாஷ்வில் கிடாரில் ஒரு முறை அதே கார்டுகளைப் பதிந்து, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றொன்றை வலதிலும் வையுங்கள். 12 தந்தி வாசிக்கவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தந்தி பழசா? மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், முதலில் தந்தியை மாற்றுங்கள்.

கே: ஸ்காட்லாந்து இண்டி என்றாலே கிளாஸ்கோ என்கிறீர்களே, மற்ற ஊர்கள் என்ன பாவம் செய்தன?

ப: ஒரு பாவமும் இல்லை, விமர்சகர்களின் சோம்பல்தான். டீனேஜ் ஃபேன்கிளப், பிஎம்எக்ஸ் பாண்டிட்ஸ், சூப் டிராகன்ஸ் மூன்றுக்கும் வேர் லேனார்க்‌ஷயரின் பெல்ஸ்ஹில் என்ற சிற்றூரில். அஸ்டெக் கேமராவின் ராடி ஃப்ரேம் ஈஸ்ட் கில்பிரைட். குளோஸ் லாப்ஸ்டர்ஸ் பெய்ஸ்லி. ட்ராஷ்கேன் சினாட்ராஸ் அர்வின். ஜோசஃப் கே, ஷாப் அசிஸ்டன்ட்ஸ் இரண்டும் எடின்பரோ. இப்போதைய குழுக்களில் பாய்ஸ் வித் தி பெர்பெச்சுவல் நெர்வஸ்னஸ் ஒரு கால் எடின்பரோவிலும் மறுகால் மாட்ரிட்டிலும் வைத்திருக்கிறது. அவர்களின் 'சாங்ஸ் ஃப்ரம் அனதர் லைஃப்' (2021) டீனேஜ் ஃபேன்கிளப் பிரியர்கள் தவறவிடக்கூடாதது.

கே: யு.எஸ். ஹைபால் பாட்டும் தலைப்பும் பாதி புரியவில்லை. 'அப் டு ஹை டோ' என்றால் என்ன?

ப: பெயரைப் பார்த்து அமெரிக்கக் குழு என்று ஏமாறுபவர்கள் உண்டு, இவர்கள் கிளாஸ்கோ. ஸ்காட்லாந்துப் பேச்சில் ஒருவர் 'ஹை டோவில் இருக்கிறார்' என்றால் படபடப்பின் உச்சத்தில் இருக்கிறார் என்று பொருள். 'டோ' என்பது ஸ்வரப் பெயர். மேல் ஸ்தாயி 'டோ' நம் மேல் ஷட்ஜம். உச்ச ஸ்தாயியில் கத்துகிறார் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு. 2020இல் வந்த ஆல்பத்தின் பெயர் அது. 2022இல் வந்த 'எ பார்க்ஹெட் கிராஸ் ஆஃப் தி மைண்ட்' தலைப்பில் வரும் பார்க்ஹெட் கிராஸ், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சாலைச் சந்திப்பு. இந்தக் குழுவின் நகைச்சுவை முழுவதும் இப்படித் தெருப்பெயரிலும் பேச்சுவழக்கிலும் இருக்கிறது. வரிகளை ஒருமுறை கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாடல்கள் இரண்டு, இரண்டரை நிமிடம்தான், சிரமம் பெரிதல்ல.

கே: ஆரஞ்ச் ஜூஸ் பாடகர் எட்வின் காலின்ஸ் பக்கவாதத்துக்குப் பிறகும் பாடுகிறாரா? அனுதாபத்துக்காகக் கேட்கிறோமா, உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா?

ப: 2005இல் மூளையில் இரத்தக்கசிவு. பேச்சும் வலது கையும் பாதிக்கப்பட்டன. அதன்பின் 2010இல் 'லூசிங் ஸ்லீப்', 2013இல் 'அண்டர்ஸ்டேட்டட்', 2019இல் 'பாட்பே', 2025 மார்ச்சில் 'நேஷன் ஷல் ஸ்பீக் அன்டு நேஷன்'. வட கோடியில் ஹெல்ம்ஸ்டேல் ஊரில் அவரே கட்டிய ஸ்டூடியோ இருக்கிறது. 'பாட்பே' என்பது அந்தக் கடலோரத்தில் ஆட்கள் விட்டுப்போய்ப் பாழடைந்த ஒரு கிராமத்தின் பெயர்.

ஆரஞ்ச் ஜூஸ் காலத்தில் அவர் ஒரு வரிக்குள் நான்கு சிலேடை வைப்பார். இப்போதைய வரிகள் குட்டை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல் கிடைக்காமல் போன ஒருவர் கிடைத்த சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வது அது. குரலின் அடிக்கனம் குறையவே இல்லை. அனுதாபத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு 2025 ஆல்பத்தைக் கேளுங்கள், தாங்கும்.

கே: இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வரும் பழைய குழுக்களில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விடலாம்?

ப: குளோஸ் லாப்ஸ்டர்ஸ்: 1989க்குப் பிறகு 2020இல்தான் அடுத்த ஆல்பம், 31 ஆண்டு. தலைப்பு ஒரு மூச்சில் சொல்லி முடியாத நீளம், இசை முன்னைவிட அகலம். வாங்கலாம். ஆர்கிட்ஸ்: 2022இன் 'ட்ரீமிங் கைண்ட்', ஒரு காலத்தில் பிரிஸ்டலின் சாரா ரெக்கார்ட்ஸில் இருந்த கிளாஸ்கோக் குழு. சத்தம் போடாமல் ஒவ்வொரு ஆல்பத்திலும் தேறிக்கொண்டே வந்தவர்கள். எங்கள் கண்ணில் இந்தப் பட்டியலிலேயே குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள் இவர்கள்தான். புளூபெல்ஸ்: 'இன் தி 21ஸ்ட் செஞ்சுரி', 2023. அவர்களின் பழைய வெற்றிப் பாடலான 'யங் அட் ஹார்ட்'டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம். அதை மறந்துவிட்டுப் போனால் பழுதில்லை. பிஎம்எக்ஸ் பாண்டிட்ஸின் 'ட்ரீமர்ஸ் ஆன் தி ரன்' (2024) கிடாரைவிட வாத்தியக் கோர்வையை நம்பும் ஆல்பம். ஜாங்கிளுக்காக மட்டும் வாங்குவதென்றால் விடலாம்.

கே: ஆல்பத்தை எப்படி வாங்கினால் பணம் குழுவின் கைக்கு அதிகம் போகும்?

ப: கச்சேரி நடக்கும் இடத்தில் அவர்கள் போடும் மேஜையில் வாங்குவது முதலிடம். அடுத்தது குழுக்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம்: டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், தட்டு, டி-ஷர்ட் போன்ற பொருள்களில் 10 சதவீதம் தளத்தார் எடுத்துக்கொள்வார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று அறிவிக்கும் நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அவசரமில்லாத வாங்கலை அந்த நாளுக்குத் தள்ளி வையுங்கள். 2016இல் தொடங்கிய லாஸ்ட் நைட் ஃப்ரம் கிளாஸ்கோ லேபிள் இன்னொரு வழி காட்டியது: உறுப்பினர்கள் கட்டும் சந்தாவே முதலீடு, வெளிவரும் ஆல்பங்கள் அவர்களுக்கே முதலில். புளூபெல்ஸ் ஆல்பம் வந்தது அங்கிருந்துதான். கிளாஸ்கோவுக்கே போகிறவர்கள் கிங்ஸ் கோர்ட்டில் உள்ள மோனோரெயில் மியூசிக் கடையை விடாதீர்கள். பாஸ்டல்ஸின் ஸ்டீபன் பாஸ்டல் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

டவுன்லோடு வாங்கினால் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பை எடுங்கள். 128 கேபிபிஎஸ் எம்.பி.3யில் முதலில் உதிர்வது உச்ச ஒலியும் தந்தியின் 'டிக்'கும். ஜாங்கிளில் அந்த இரண்டையும் கழித்தால் மீதி என்ன?

கே: சி86 கேசட்டைக் கேட்காமல் இந்த இசை புரியாது என்கிறார்கள். உண்மையா?

ப: புரியும். 1986இல் பிரிட்டிஷ் இசை இதழான என்எம்இ வெளியிட்ட 22 பாட்டுத் தொகுப்பு அது. பாதி ஜாங்கிளே இல்லை, தகரத்தைத் தட்டும் சத்தம். ஸ்காட்லாந்துப் பக்கத்தில் பிரைமல் ஸ்க்ரீமின் 'வெலாசிட்டி கேர்ள்', பாஸ்டல்ஸ், சூப் டிராகன்ஸ், ஷாப் அசிஸ்டன்ட்ஸ், குளோஸ் லாப்ஸ்டர்ஸ் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிக் கேளுங்கள். 'வெலாசிட்டி கேர்ள்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

கே: எல்லாம் சரி. ஒரே ஒரு பாட்டு?

ப: கேமரா அப்ஸ்கியுராவின் 2024 ஆல்பத்தில் பத்தாவதாக வரும் 'ஷுகர் ஆல்மண்ட்'. இறந்துபோன கேரி லாண்டரை நோக்கி ட்ரேசியான் பாடுவது. கிணுகிணுக்கும் கிடார் அதில் கிடையாது; பியானோவும் குரலும்தான். முடிந்ததும் நிறுத்தாமல் பதினொன்றாவதையும் ஓடவிடுங்கள்.